கொய்யா மரத்து மூலப்பத்திரம்

ஆடி பிறந்துவிட்டால் என் சித்தப்பாவுக்கு வேலை இருக்காது. பென்னாகரத்தில் பத்திர எழுத்தர் அவர். ஆனி கடைசி வரைக்கும் கிரயம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று தலை நிமிர நேரமில்லாமல் உட்கார்ந்திருப்பார். ஆடி ஒன்று வந்ததும் சனங்கள் நிலம், வீட்டுமனை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். நடுவில் ஆடிப் பதினெட்டு மட்டும் விதிவிலக்கு. அன்று பதிந்தால் பெருகும் என்று ஒரு மாதத்துக் கூட்டம் ஒரே நாளில் வந்து நிற்கும். ஆக, அவருடைய கணினியில் யாராவது கை வைக்க வேண்டுமானால் ஆடி ஒன்றிலிருந்து பதினேழு வரைதான் நேரம்.

2015 ஆடியில் கை வைத்தவன் நான்.

அப்போது தருமபுரி நான்கு ரோடு பக்கம், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். (இப்போதும் அதே மாடிதான். படிக்கட்டு மட்டும் வருடா வருடம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது.) ஆடி இரண்டாம் நாள் காலையில் சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியப் பிரிச்சிரலாம்னு இருக்கேன். ஒரு நாள் வந்துட்டுப் போ."

எந்தப் பெட்டி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெட்டி அது. 2008 இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 அப்கிரேடு பதிப்பு. வாங்கிய அன்று யாரோ ஒருவர் கடையில் அதை ஓட்டிக் காட்டியிருக்கிறார். மேலே மெனு இல்லாமல் பட்டை பட்டையாகப் படங்கள் இருப்பதைப் பார்த்து மிரண்டுபோய், பெட்டியைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டார். ஏழு வருடம் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்தது.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரே ஐம்பது ரூபாய் காப்பி சிடி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பெட்டியோடும் ரசீதோடும் ஆபீஸ் 2003 வாங்கினவர் அவர். ஏன் இப்படிக் காசைக் கொட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நான் எழுதற ஒவ்வொரு பத்திரத்துலயும் இந்தச் சொத்துல எந்த வில்லங்கமும் இல்லைன்னு ஒரு வரி வருது. அதை வில்லங்கமான மிஷின்ல உக்காந்து அடிக்கச் சொல்றியா?" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, இப்போது ஏன் பெட்டியைப் பிரிக்கிறார்? இரண்டு காரணம். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003க்கும் ஒரே நாளில் ஆதரவு நின்றுபோனது. அதைப் போன வருடமே சொல்லியிருந்தேன், அவர் காதில் வாங்கவில்லை. நிஜமான காரணம் இரண்டாவது. நிலம் வாங்க வருகிறவர்களின் வக்கீல்கள் அனுப்பும் வரைவுகள் எல்லாம் புது வேர்டில் அடித்த டாக்எக்ஸ் ஃபைலாகவே வர ஆரம்பித்திருந்தன. 2003இல் அதைத் திறப்பதற்கு மைக்ரோசாஃப்டே ஓர் இலவச ஒட்டு கொடுத்திருந்தது, அதைப் போட்டும் கொடுத்திருந்தேன். ஆனால் கட்டம் போட்ட சொத்து விவரப் பட்டியல் வந்தால் கோணிக்கொண்டு நின்றது. புதுக் கணினி வாங்கச் சொன்னேன். "வாங்கினது வீணாப் போகக் கூடாது, முதல்ல இதைப் போடு" என்றார்.

இண்டூர், பி.அக்ரகாரம் வழியாக ஒகேனக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். ஆடி மாதத்தில் அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் லாட்டரி.

வேலை அரை மணி நேரம் என்று நினைத்திருந்தேன். சிடியைப் போட்டேன். பெட்டியில் ஒட்டியிருந்த 25 எழுத்துச் சாவியை சித்தப்பா வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். சர்வே எண் வாசிக்கிற அதே தொனியில், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தார். அப்கிரேடு என்பதை அழுத்தினேன். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடியது, நின்றது. பழைய ஆபீஸ் 2003 சிடியைப் போடு, அதிலிருக்கும் புரோ11.எம்எஸ்ஐ என்ற ஃபைல் வேண்டும் என்றது. ரத்து செய்தேன். வந்த வழியே எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது. நல்ல வேளை, பழைய வேர்டு பழையபடி திறந்தது.

அப்கிரேடு வேண்டாம், பழையதை முதலில் கழற்றிவிடலாம் என்று கண்ட்ரோல் பேனலுக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி. புரோ11.எம்எஸ்ஐ எங்கே?

"என்ன கேக்குது?" என்றார் சித்தப்பா.

"பழைய சிடி கேக்குது. இது அப்கிரேடு பதிப்பு. உங்ககிட்ட பழசு இருந்தாத்தான் இது செல்லும். அதான் விலை குறைச்சலாக் குடுத்தாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "மூலப்பத்திரம் கேக்குதுன்னு சொல்லு."

பத்து வருடத்தில் எத்தனை வாடிக்கையாளர்களுக்கு அப்கிரேடு பதிப்பு என்றால் என்னவென்று விளக்கியிருக்கிறேன், யாருக்கும் இவ்வளவு சட்டென்று புரிந்ததில்லை. நிலம் உன் பெயருக்கு வந்தது எப்படி என்று காட்டாமல் நீ அதை விற்க முடியாது. அதே கதைதான். ஒரே வித்தியாசம், மூலப்பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். சிடிக்கு நகல் கொடுக்கிற அலுவலகம் எதுவும் கிடையாது.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தப்பாவிடம் இதுவரை சொல்லாதது.

உண்மையில் அந்த சிடி தேவைப்பட்டிருக்கவே கூடாது. ஆபீஸ் 2003இல்தான் முதன்முதலாக அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். நிறுவும்போதே தன் ஃபைல்களின் ஒரு பிரதியை எம்எஸ்ஓகேச் என்ற மறைவான ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். பின்னால் ஏதாவது பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ வேண்டுமென்றால் சிடியைக் கேட்காமல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அது போக, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று இன்னொரு மறைவான ஃபோல்டர் இருக்கிறது. நீங்கள் நிறுவிய மென்பொருட்களின் எம்எஸ்ஐ ஃபைல்கள் அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாகப் பெயர் சூட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் குப்பை மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு மென்பொருளைக் கழற்றும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

2010இல் சித்தப்பாவின் கணினியில் சி டிரைவ் நிரம்பிவிட்டது. மொத்தம் 40 ஜிபி, அதில் சி டிரைவுக்கு 10 தான் ஒதுக்கியிருந்தேன். இடம் பண்ணிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று அந்த இரண்டு ஃபோல்டரையும் நான்தான் அழித்தேன். ஒன்றரை ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது. சித்தப்பா சந்தோஷப்பட்டு கையில் இருநூறு ரூபாய் திணித்தார், வேண்டாமென்றும் கேட்கவில்லை. ஐந்து வருடம் அந்தக் கணினி முனகவே இல்லை. வேர்டு திறந்தது, மூடியது, அச்சடித்தது. தினசரி வேலைக்கு அந்த ஃபோல்டர்கள் தேவையே இல்லை. கழற்றும்போதும் மாற்றும்போதும்தான் அவை வேண்டும். அதனால்தான் இந்தத் தப்பைச் செய்கிறவன் மாட்டிக்கொள்வதே இல்லை. நான் மட்டும் சொந்தக்காரர் வீட்டில் செய்ததால் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பழி முழுவதும் சிடியைத் தொலைத்தவர் மேல் போய் விழுந்தது.

சிடியைத் தேட ஆரம்பித்தோம். முதலில் கிடைத்தது அதன் உறை. சாமி அறை அலமாரியில் இருந்தது. திறந்தால் உள்ளே சிவப்பு, மெரூன், கறுப்பு என்று வரிசை வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. சின்னம்மா பொட்டு டப்பாவாக வைத்திருந்தார். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. உறையின் பின்பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் 2003இன் சாவி எழுத்து கலையாமல் இருந்தது. அதை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"உள்ள இருந்த சிடி எங்க?"

"அது பாட்டு சிடி இல்லையா?" என்றார் சின்னம்மா. அந்தக் கேள்வியிலேயே எனக்கு வயிறு கலங்கியது.

அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். காட்டில், அதாவது தோட்டத்தில், சிடிக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

ராத்திரி தருமபுரிக்குத் திரும்பி வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். சிடி என்பது எல்லோருக்கும் ஒன்றுதான், சாவிதான் ஆளுக்கு ஆள் மாறும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். பழைய கூட்டாளி ஒருவரிடம் ஆபீஸ் 2003 புரொஃபஷனல் காப்பி சிடி இருந்தது. அதிலும் புரோ11.எம்எஸ்ஐ இருந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஃபைலைக் காட்டினால், பெயர் சரி, ஆனால் இது இந்தப் பொருளுக்கான ஃபைல் இல்லை என்று தள்ளிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. சந்தையில் சுற்றிய காப்பி சிடிகளில் பெரும்பாலானவை கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வால்யூம் லைசென்ஸ் பதிப்பு. ஆக்டிவேஷன் தொல்லை இல்லாததால் காப்பி அடிக்கிறவர்களுக்குப் பிடித்த பதிப்பு அதுதான். சித்தப்பா வாங்கியது கடையில் விற்கும் சில்லறைப் பதிப்பு. ஃபைல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. ஒரே பெயரில் இரண்டு முனுசாமி இருந்தால் அப்பா பெயரைப் பார்ப்போம் இல்லையா, அப்படி.

இன்னொரு வழியும் இருந்தது. கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட ஆபீஸை வேரோடு பிடுங்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு சின்ன நிரல் வெளியிட்டிருந்தது. அதற்கு முன்பு எல்லோரும் பயன்படுத்திய இன்ஸ்டாலர் கிளீனப் என்ற கருவி, மற்ற மென்பொருட்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது என்று 2010இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. புதிய நிரலைப் பென் டிரைவில் வைத்திருந்தேன். ஓட்டப் போகும்போது கை நின்றது. பழையதைப் பிடுங்கிவிட்டால் கணினியில் 2003 இருந்த சுவடே இருக்காது. அப்புறம் அப்கிரேடு சிடியைப் போட்டால், நீ யார், உன் பழைய ஆபீஸ் எங்கே, சிடியைக் காட்டு என்று கேட்கும். பிடுங்காவிட்டால் வழி விடாது, பிடுங்கினால் தகுதி போய்விடும்.

நிலைமையை சித்தப்பாவிடம் சொன்னேன். "மூலப்பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கிரயம் பண்ண முடியுமா? வா, காட்டுக்குப் போலாம்" என்று டிவிஎஸ் 50ஐ எடுத்தார்.

கிணற்று மேட்டில் ஒரு கொய்யா மரம். உள்ளே சிவப்பாக இருக்கும் ரகம். கிளிக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. அதை விரட்டத்தான் மரம் முழுக்க சிடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றில் சுற்றிச் சுற்றி வெயிலைக் கண்ணில் அடித்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தேன். டாலி டெமோ ஒன்று. என் கல்யாண வீடியோ விசிடி இரண்டாம் பாகம். (முதல் பாகம் எங்கே என்று இன்று வரை தெரியாது. என் மனைவிக்கு இந்தப் பதிவைக் காட்டப்போவதில்லை.) பக்திப் பாடல்கள் மூன்று. உச்சிக் கிளையில், சணல் கயிற்றில், வெள்ளி நிறத்தில் பளபளத்துக்கொண்டு ஆபீஸ் 2003.

நடுத் துளை வழியாகத்தான் கயிறு போட்டிருந்தார் சின்னம்மா. ஆணி வைத்து ஓட்டை போடவில்லை. அவருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சிடியைப் பற்றித் தெரியாதவர்கள் எப்போதும் மினுக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் கவலைப்படுவார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. கீறல் விழுந்தாலும் ஓரளவு தாங்கும். பேர் அச்சடித்திருக்கும் மேல்பக்கம்தான் ஆபத்து. தகவலைத் தாங்கும் அலுமினியப் பூச்சு அந்த அச்சுக்கு அடியிலேயே, மெல்லிய வார்னிஷ் மாதிரி ஒரு படலத்துக்குக் கீழே இருக்கிறது. அது உரிந்தால் அங்கே இருந்த எழுத்து போனதுதான். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஊசி குத்தினது போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. கிளையில் மோதி மோதி ஓரம்தான் அடி வாங்கியிருந்தது. நடுப்பக்கம் பழுதில்லை. சிடியில் எழுத்து நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகும் என்பதால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இன்னொரு ஆறுதல், இது தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி எடுத்த சிடி. வீட்டில் எழுதும் சிடியாக இருந்திருந்தால் அதில் இருக்கிற சாயம் மூன்று வருட வெயிலில் வெளுத்துப்போய், வெறும் கண்ணாடித் தட்டைத்தான் கழற்றியிருப்போம்.

பறவை எச்சத்தை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. சித்தப்பாவின் கணினியில் போட்டால் உறுமிவிட்டு, வெறும் டிரைவ் என்று காட்டியது. தருமபுரிக்கு எடுத்து வந்தேன். கடையில் இருந்த பழைய டிவிடி ரைட்டர்களில் முதல் இரண்டும் கைவிட்டன. மூன்றாவது, நானே குப்பைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது, படித்தது. ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தைக் காப்பி செய்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால், நிறுவ வேண்டிய சரக்கைச் சுருக்கி வைத்திருக்கும் பெரிய கேப் ஃபைல்களில் பாதி காலி. அதாவது இந்த சிடியை வைத்து ஆபீஸ் 2003ஐ இனி எந்தக் கணினியிலும் புதிதாக நிறுவ முடியாது. ஆனால் புரோ11.எம்எஸ்ஐ மட்டும் ஒரு குறையுமில்லாமல் முழுதாக வந்திருந்தது.

எனக்கு அது போதும். நிறுவுவதற்குத்தான் கேப் ஃபைல்கள் வேண்டும். கழற்றுவதற்கு எம்எஸ்ஐ இருந்தால் போதும். எந்த ஃபைலை எங்கே வைத்தோம், எதை எடுக்க வேண்டும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது.

மறுபடியும் ஒகேனக்கல் பஸ். எம்எஸ்ஐயை ஒரு ஃபோல்டரில் வைத்து, 2007 சிடியைப் போட்டு, அப்கிரேடு அழுத்தி, கேள்வி வந்தபோது அந்த ஃபோல்டரைக் காட்டினேன். ஏற்றுக்கொண்டது. பழையதைத் தானே கழற்றிக்கொண்டு புதியது உட்கார்ந்தது. இதைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை. சித்தப்பா கோடு ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றபடி இருந்தார்.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன்.

சித்தப்பா தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். தட்டச்சுப் பலகைக்குப் பழகிய கை என்பதால் கணினியிலும் பாமினி எழுத்துருதான். யூனிகோடு என்றால் அவருக்கு ஏதோ வரிவிதிப்புப் பிரிவு மாதிரி கேட்கும். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும், உள்ளுக்குள் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. சின்ன எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, ஷிஃப்ட் போட்ட பெரிய எழுத்துக்கு இன்னொன்று. 'க' இருக்கிற விசையிலேயே ஷிஃப்ட் அழுத்தினால் 'கு'. 'த'வுக்கு 'து', 'ம'வுக்கு 'மு', 'வ'வுக்கு 'வு'. தட்டச்சு இயந்திரத்தில் இருந்த அதே முறை.

வேர்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். 2003இல் அதை அணைத்து வைத்திருந்தோம். எப்போது அணைத்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. 2007இல் அது மறுபடி உயிரோடு இருந்தது.

மூன்றாம் நாள் போன். "தம்பி, இது என்ன எழவு, துருமபுரி மாவட்டம்னு வருது?"

தருமபுரியா தர்மபுரியா என்பதே எங்கள் ஊரில் தீராத வழக்கு. அரசுப் பலகையில் ஒன்று, பஸ் பலகையில் ஒன்று. அதில் மூன்றாவதாக ஒரு துருமபுரி. முதலில் அவர் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் வரிசையாக வாசித்தார். பத்திரம், புத்திரமாகியிருந்தது. மனை, முனையாகியிருந்தது. சர்வே எண், சுர்வே எண். நான்கெல்லையை அவர் வரிக்கு ஒன்றாக அடிப்பவர். வடக்கில், வுடக்கில் ஆகியிருந்தது. தெற்கில், தேற்கில். கிழக்கில் என்பதில் 'கு' வந்து உட்கார்ந்து அதன் தலையில் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தது. மேற்கு மட்டும் தப்பித்தது. பாமினியில் 'மே'யின் கொம்பு ஏற்கெனவே ஷிஃப்ட் போட்டு அடிக்கிற எழுத்து, அதை மேலும் பெரிதாக்க வேர்டால் முடியவில்லை.

நல்ல வேளையாக அவர் எப்போதும் முதலில் வெள்ளைத்தாளில் ரஃப் எடுத்து, எழுதிக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரைத்தாளில் அச்சடிப்பார். அன்றைக்கு ரஃப்பைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "சாமி, எனக்குப் புத்திரனே இல்லை, ரெண்டும் பொண்ணுதான்" என்றாராம். சித்தப்பா இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்பது என் சந்தேகம்.

போனிலேயே வழி சொல்லி அணைக்க வைத்தேன். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. மூலையில் இருக்கும் உருண்டைப் பட்டனுக்குள், அதற்குள் வேர்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் புரூஃபிங், அதற்குள் ஆட்டோகரெக்ட். அவர் அந்த உருண்டையை ஒரு சின்னம் என்று நினைத்து அது வரை தொடவே இல்லை. சேமிக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆல்ட், எஃப், ஏ என்று பழையபடி விசையை அழுத்தினாராம், வேலை செய்ததாம். உண்மைதான். 2003 மெனுவுக்குப் பழகின கைகளுக்காக அந்த விசை வரிசைகளை 2007இலும் விட்டு வைத்திருந்தார்கள். மெனுவைக் காணோமே என்று நாங்கள் எல்லாம் தவித்த காலத்தில், விரலால் வாழ்ந்த தட்டச்சுக்காரருக்கு மட்டும் அது தொலையவே இல்லை.

அவரை நிஜமாகவே கோபப்படுத்தியது வேறு. பத்திரத்தில் திரும்பத் திரும்ப வரும் பத்திகளை எல்லாம் ஆட்டோடெக்ஸ்ட்டில் போட்டு வைத்திருந்தார். முதல் நாலு எழுத்தை அடித்ததும் மஞ்சள் கட்டம் ஒன்று மேலே வரும். என்டர் தட்டினால் முழுப் பத்தியும் விழும். வேர்டு 2007இல் அந்த மஞ்சள் கட்டம் கிடையாது. 2010இல் திரும்ப வந்துவிட்டது, அது வேறு விஷயம். பத்திகள் பத்திரமாக உள்ளேதான் இருந்தன. பெயரை அடித்துவிட்டு எஃப்3 அழுத்தினால் வரும். ஆனால் வருடக்கணக்காக என்டரில் விழுந்த விரலை எஃப்3க்குத் திருப்புவது எப்படி? "மாடு பழகின தொட்டிலதான் தண்ணி குடிக்கும்" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். சின்னம்மா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எஃப்3 மேல் ஒட்டிவிட்டார். ஆடிப் பதினெட்டு அன்று அந்தப் பொட்டைக் குத்திக் குத்தித்தான் மொத்தக் கூட்டத்தையும் முடித்து அனுப்பினார்.

அதற்குள் நான் இரண்டு சிடியையும் பிரதி எடுத்து இரண்டு பென் டிரைவில் போட்டேன். ஒன்று என் கடையில், ஒன்று அவருடைய பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு. பாமினி எழுத்துருவையும், ஆட்டோடெக்ஸ்ட் இருக்கும் நார்மல் டெம்பிளேட்டையும் சேர்த்தே வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அசல் 2003 சிடியையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சின்னம்மா விடவில்லை. கழற்றின நாலாம் நாளே கிளி வந்துவிட்டதாம். சணல் கயிற்றைப் புதிதாக மாற்றி அதே கிளையில் கட்டினார்.

ஆபீஸ் 2007க்கு 2017 அக்டோபரில் ஆதரவு நின்றது. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்ற மென்பொருளைக் கொண்டுவந்து எல்லாமே ஆன்லைன் ஆனதும், அந்தக் கணினிக்கு ஓய்வு கொடுத்து, சித்தப்பாவே பணம் எடுத்துக் கொடுத்துப் புதுசு வாங்கச் சொன்னார். ஆபீஸும் புதுசு. இந்த முறை பெட்டியே கிடையாது, இன்டர்நெட்டிலிருந்து தானாக இறங்கியது. இருபது நிமிட வேலை.

"இதுக்கு மூலப்பத்திரம் எங்க?" என்றார்.

உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கியிருக்கிறேன், உரிமம் அதில்தான் இருக்கிறது, கணினி மாற்றினாலும் அதில் நுழைந்தால் போதும் என்றேன். உடனே நோட்டை எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சல் முகவரியைச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். பாஸ்வேர்டு என்ன என்றார். கடையில் வைத்து அவசரத்தில் போட்டது. எனக்கு ஞாபகம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன்.

காபி கொண்டு வந்த சின்னம்மா புதுக் கணினியை முன்னும் பின்னும் பார்த்தார். சிடி போடுகிற தட்டே அதில் இல்லை.

"சிடியே வராதா இதுக்கு?"

"வராது சின்னம்மா. இனிமே எதுக்கும் வராது."

"அப்பக் கிளிக்கு என்னத்தக் கட்றது?"